நீலப் பொரியல்

எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைப் பந்தியில் என் தோட்டத்து முட்டைக்கோஸ் நீலமாக வந்து விழுந்த கதையைக் கோலார் தங்கவயலில் இன்றைக்கும் நாலு பேர் கூடினால் பேசுகிறார்கள். முன்பெல்லாம் யாராவது அதை எடுத்தாலே எனக்கு முகம் சுண்டிப்போகும். இப்போது நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

அது ஊதா நிறக் கோஸ். ஆலயத்துக்கு அடுத்து, ஐயர் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் நான் வளர்த்தது. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். பண்டிகை அன்று காலை ஆராதனையில், சபையார் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், கரும்பு எல்லாவற்றுக்கும் நடுவில் என் கோஸ்கள் பீடத்துக்கு முன்னால் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. பாட்டு நடக்கும்போதே பாதிப் பேர் கண் அங்கேதான் இருந்தது. பெருமை கூடாது என்று அன்றைக்குப் பிரசங்கம். அந்த வார்த்தை என் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போனது.

ஆராதனை முடிந்து கோஸ்களையெல்லாம் சமையல் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலையில் பிரியாணி வந்தது, வெங்காயப் பச்சடி வந்தது, பீன்ஸ் பொரியல் வந்தது. பீன்ஸ் வழக்கம்போலப் பச்சைப் பசேலென்று இருந்தது. அடுத்ததாக என் கோஸ். ஊதாவில் கொஞ்சம் நீலம் ஓடியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இது வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்த மாதிரி இருந்தது. தூவியிருந்த தேங்காய்த் துருவலும் நீலம். பக்கத்து இலைச் சோற்றின் ஓரமும் நீலம்.

எனக்கு எதிர்ப் பந்தியில் கமிட்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். சபைக் கமிட்டியில் மூத்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பொன்னைப் பிரிக்கிற மில்லில், சயனைடு தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவர். அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாரும் இத வாய்ல வெக்காதீங்க. இது சயனைடு."

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் கழுவித்தான் இங்கே பொன் எடுத்தார்கள். கழுவிய மணலைக் கொட்டிக் கொட்டி மலையாக்கினார்கள். சுரங்கம் மூடிவிட்டது, மலைகள் மூடவில்லை. காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசி கதவிடுக்கு வழியாக வந்து சோற்றுப் பானைமீது படியும். கமிட்டி அண்ணனின் அப்பா பூமிக்கடியில் வேலை பார்த்து, நுரையீரலில் தூசி அடைத்து, இருமி இருமியே போனவர். அப்படிப்பட்டவர் எழுந்து நின்று அந்த வார்த்தையைச் சொன்னால், யார் சோற்றில் கை வைப்பார்கள்? இலைகள் ஒவ்வொன்றாக மடங்கின.

அவர் சும்மாவும் சொல்லவில்லை. மில்லில் கரைசல் சிந்தி இரும்பில் பட்ட இடமெல்லாம் இதே நீலம் ஏறும், அதைத் தேய்த்துக் கழுவிய கை இது என்று இரண்டு கையையும் காட்டினார். பொரியல் கிளறியது இரும்புக் கடாயில். கோஸ் வளர்ந்தது மலைக்கு எதிரில். மண்ணில் இருந்தது செடியில் ஏறியது, செடியில் இருந்தது கடாயில் பட்டது, நீலம் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு நிமிடம் அது சரியாகத்தான் பட்டது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஏனென்றால் என் தோட்டத்து மண்ணுக்கும் அந்த மலைக்கும் சம்பந்தமே கிடையாது. பேத்தமங்களா ஏரி வற்றிய கோடையில் அள்ளிய வண்டலை டிராக்டரில் வரவழைத்திருந்தேன். தரையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் சாக்குகளிலும் பழைய டிரம்களிலும் வண்டலை நிரப்பித்தான் எல்லாம் வளர்த்தேன். காற்று வருகிற பக்கம் முழுக்கப் பச்சை வலை. இந்த ஊரில் பிறந்தவளுக்கு எந்த மண்ணைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாதா? தார்ப்பாய் விரிக்கும்போது வந்து வேடிக்கை பார்த்தவர்கள்தான் அன்றைக்கு இலையை மடித்தவர்களும்.

நான் தோட்டக்காரி இல்லை. பெங்களூரில் ஒரு துணி ஆலையில் ஷேட் பார்க்கிற வேலை செய்தவள். மாரிகுப்பத்தில் கிளம்புகிற முதல் ரயிலைப் பிடித்து, பங்காருபேட்டை வரும்வரை தூங்கி, அதற்குப் பிறகு நின்றுகொண்டே போய், நாள் முழுக்க விளக்குப் பெட்டிக்குள் துணித் துண்டுகளை வைத்துப் பார்ப்பேன். போன வாரச் சாயமும் இந்த வாரச் சாயமும் ஒன்றா, இல்லையா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் நீலம் என்று சொல்கிற இடத்தில் எனக்கு ஏழெட்டு நீலம் தெரியும். ஆலை வேறு ஊருக்குப் போனபோது நான் வீட்டோடு வந்துவிட்டேன். காலையில் எழுந்தால் பார்க்க ஒரு நிறமும் இல்லை. சுவர் வெள்ளை, மலை சாம்பல். பைத்தியம் பிடிக்காத குறை.

அதனால்தான் செடி வைத்தேன். பசிக்காக வைக்கவில்லை, கண்ணுக்காக வைத்தேன். ஐயர் அந்த இடத்தைக் கொடுத்தபோது, விளைவதில் ஒரு பங்கு சபைக்கு என்று பேச்சு. சாயத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அங்கே போன பிறகுதான் ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது.

முதலில் தக்காளி பாடம் எடுத்தது. கார்த்திகையில் காய்த்தவை ரத்தச் சிவப்பாகப் பழுத்தன. அதே விதை, அதே டிரம், சித்திரையில் காய்த்தபோது தோளில் மஞ்சள் பட்டையோடு ஆரஞ்சாகவே நின்றுவிட்டன. உரம் போட்டேன், தண்ணீர் கூட்டினேன், திட்டியும் பார்த்தேன். வெயில் ஓர் அளவுக்கு மேல் போனால் தக்காளிக்குச் சிவப்பைச் செய்யவே வராது, மஞ்சளை மட்டும் செய்யும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாயப் பட்டறையில் சூடு தப்பினால் சாயம் தப்புகிற மாதிரிதான் இதுவும். அடுத்த கோடையில் செடிகளுக்கு மேல் வெள்ளைத் துணி கட்டினேன். சிவப்பு ஓரளவுக்குத் திரும்பி வந்தது. அன்றைக்கு ஒரு பழத்தை அறுக்காமல் நாள் முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சை மிளகாய் பழுக்கும்போது சிவப்புப் பூசிக்கொள்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது முதலில் தன் பச்சையைத் தானே பிரித்துப் போடுகிறது. நடுவில் இரண்டு நாள் பழுப்பும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் அழுக்காக நிற்கும். பழையது போகிறது, புதியது இன்னும் வரவில்லை. ஒரு முறை காற்றில் கவிழ்ந்த கூடைக்கு அடியில் அவரை நாற்றுகள் மாட்டிக்கொண்டன. தூக்கிப் பார்த்தால் வெளிறிய மஞ்சளில் ஒல்லியாக நீண்டு கிடந்தன. வெளிச்சம் இல்லாமல் பச்சையைச் செய்து முடிக்க அவற்றுக்கு வழியில்லை. வெயில் காட்டினேன், மறுநாளே பச்சை ஏற ஆரம்பித்தது. எனக்கு அது நோயாளி எழுந்து உட்கார்ந்த மாதிரி சந்தோஷம்.

ஊதாக் கோஸ் எல்லாவற்றுக்கும் ராணி. எங்கள் ஊரில் மார்கழி, தை மாதக் காலைகளில் வாயைத் திறந்தால் புகை வரும். இரவு குளிர், பகலில் சுள்ளென்று வெயில். இரண்டும் சேர்ந்தால் அந்தச் செடிக்குப் பிடித்துப்போகும். ஒவ்வொரு காலையும் இலை ஒரு ஷேட் ஆழமாகும். எனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, சம்பளம்தான் இல்லை.

அந்தக் கோஸுக்குத்தான் இந்தக் கதி.

பண்டிகைக்கு அடுத்த வாரம் கமிட்டி கூடியது. தோட்டத்தை எடுத்துவிட வேண்டும், சாக்குகளையும் டிரம்களையும் ஈஸ்டருக்குள் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். கமிட்டி அண்ணன் கைப்பட எழுதியது. நான் வண்டலை எடுத்துக் கோலார் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன், மண் சுத்தம் என்று அறிக்கையும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனால் அண்ணன் கையில்கூட வாங்கவில்லை. பேப்பர் ஆயிரம் சொல்லும், நான் கண்ணால் பார்த்தேன் என்றார். பந்தியில் இருந்த எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள்தான். கண்ணால் பார்த்ததற்குக் காகிதத்தில் பதில் கிடையாது.

பெங்களூர் ரயிலில் என் பழைய கூட்டாளிகள் எனக்கு நீலக்கோஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, இனிமேல் வேட்டிக்கு நீலம் வாங்கத் தேவையில்லை என்றார். கரண்டியை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் யாரும் சொல்லாமலே போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். அறுக்காமல் விட்ட கோஸ்கள் சில தோட்டத்தில் இருந்தன. ஒன்றை எடுத்துவந்து வீட்டு அலுமினியச் சட்டியில், ஃபில்டர் தண்ணீரில் வேகவைத்தேன். ஊதாவாகவே வந்தது. பக்கத்து வீட்டில் இரும்புக் கடாய் வாங்கி வந்து அதில் செய்தேன். கொஞ்சம் கறுத்தது, நீலம் இல்லை. அப்போதே அண்ணனின் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டது. என் கோஸ், இரும்புக் கடாய், நீலம் இல்லை. ஆனால் பந்தியில் வந்த நீலத்தை வரவழைத்துக் காட்டாமல் ஊர் நம்பாது.

சாயப் பட்டறையில் ஷேட் தப்பினால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். கொட்டகையில் சமைப்பது ஆலயத்து போர்வெல் தண்ணீரில். உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. குடத்தில் பிடித்துவந்து வேகவைத்தேன். இந்த முறை ஊதாவில் நீலம் எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் அதேதான் என்று கையைத் தட்டினார். எனக்குத் தெரியும், அது இல்லை. பந்தியில் பார்த்தது இதைவிட இரண்டு ஷேட் பச்சைப் பக்கம் போன நீலம். என் கண் ஒத்துக்கொள்ளவில்லை. கடாயில் வேறு ஏதோ விழுந்திருக்கிறது.

அப்போதுதான் பீன்ஸ் ஞாபகம் வந்தது.

எங்கள் சபைச் சமையலை நடத்துகிறவர் ஓர் அக்கா. புருஷன் போனபிறகு அந்தக் கொட்டகைதான் அவருக்கு வீடு, ஊர், பதவி எல்லாம். கல்யாணம், ஞானஸ்நானம், பண்டிகை எதுவானாலும் அவர் கைதான். அவர் பீன்ஸ் பொரியல் அண்டா நிறைய வெந்தாலும் அப்போது பறித்த பச்சையில் இருக்கும். வேறு யார் செய்தாலும் காக்கிச் சட்டை நிறமாகிவிடும். எப்படி அக்கா என்று கேட்டால், என் கை ராசி என்பார். எனக்கும் அது கை ராசி என்றே தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் பச்சை நிறம் காயில் சும்மா நிற்காது. வேகும்போது காயிலிருந்தே புளிப்பு கசியும், அது பச்சையை உடைக்கும். அந்தப் புளிப்பை அடக்க ஏதாவது போட்டால்தான் பச்சை நிற்கும். வீட்டு அலமாரியில் அதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

போர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டு என் கோஸைக் கொட்டினேன். கிளறக்கூட இல்லை. நீலம் பொங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். அதே ஷேட். விளக்குப் பெட்டியில் வைத்திருந்தாலும் பாஸ் போட்டிருப்பேன். பச்சையைக் காப்பாற்றுகிற அதே சோடா ஊதாவை நீலமாக்கிவிடுகிறது. அடுப்படியில் நின்று தனியாகக் கையைத் தட்டிச் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. இதைச் சபை முன்னால் சொன்னால், சோடா போட்டது யார் என்று கேட்பார்கள். அக்காவின் கை ராசி அந்த நிமிடமே சந்தி சிரித்துவிடும்.

அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பீன்ஸ் கொதித்த தண்ணீரிலேயே கோஸையும் கொட்டினேன், சீக்கிரம் வேகும் என்றுதான் என்று ஒத்துக்கொண்டார்.

"இந்தப் பச்சைய பாத்துதான் சபை என்ன கூப்புடுது. அதுவும் போச்சுன்னா நான் யாருடீ?" என்றார்.

என் தோட்டம் போகப்போகிறது என்ற ஆத்திரத்தோடு போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும், உங்கள் பேரை எடுக்க மாட்டேன் அக்கா என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

ஐயரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கொட்டகையில் எல்லார் முன்னாலும் சமைத்துக் காட்ட அனுமதி கேட்டேன். அவர் நல்ல மனுஷர், சரி என்றார். கமிட்டி அண்ணனிடம் நேரே போனேன்.

"கோஸ் என்னுது வேணாம். நீங்களே பெங்களூர்லருந்து வாங்கினு வாங்க. கடாயும் நம்ம கொட்டாய்ல கீறதுதான். நீங்க பாத்த நீலம் வர்லன்னா, நானே டிரம்ம உருட்டினு போயிடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றார். நேர்மையான ஆள். சொன்னபடியே, அவர் மகன் பெங்களூர் மார்க்கெட்டில் வாங்கிய ஊதாக் கோஸ் பையில் வந்தது. அதன் மேல் எங்கள் மலையின் காற்றுக்கூடப் பட்டிருக்காது.

அன்றைக்குப் போல ஆராதனைக்குக் கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கத்தோலிக்கச் சபைக்காரர்கள் பூசை முடிந்து வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். எங்கள் தெரு மாரியம்மன் கோவில் பெண்களும் வந்திருந்தார்கள். அக்கா கூட்டத்தின் கடைசியில் சுவரோரம் நின்றிருந்தார்.

முதலில் அண்ணன் வாங்கிவந்த கோஸை அதே இரும்புக் கடாயில் ஃபில்டர் தண்ணீரில் வேகவைத்தேன். ஊதா. இரும்பு தொட்டும் ஊதாதான் என்று எல்லாருக்கும் காட்டினேன். அடுத்தது போர் தண்ணீர். லேசான நீலம். கூட்டத்தில் சலசலப்பு. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, இது அது இல்லை என்றார். அவர் கண்ணும் லேசுப்பட்ட கண் இல்லை.

"அன்னிக்கு இதுல சமையல் சோடா விழுந்துருக்கு அண்ணே," என்றேன்.

"யாரு போட்டது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. அவர் திரும்பவும் கேட்டார். யார் போட்டது என்று கேட்காதீர்கள், போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். யாருமே போடாத சோடா எப்படி விழுந்தது, இதில் நீ எதைக் கலந்தாலும் ஒரு நிறம் வரத்தான் செய்யும், அன்றைக்கு அதுதான் விழுந்தது என்பதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐயர் என்னைப் பார்த்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. கையில் கரண்டியோடு நின்றேன். தோட்டம் என் கையைவிட்டுப் போவது எனக்கே தெரிந்தது. சொல்லிவிடலாம், ஒரு பெயர்தானே என்று நாக்கு துடித்தது. அந்தப் பெயரைச் சொல்லி மீட்ட தோட்டத்தில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

கூட்டம் விலகியது. அக்கா நடந்து வந்தார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அடுப்புத் திட்டில் வைத்தார்.

"நான் போட்டது. அன்னிக்கு மட்டும் இல்ல, வருஷா வருஷம் போடறேன். என் பீன்ஸ தின்னு யாராச்சும் செத்துப் போனீங்களா?"

டப்பாவைத் திறந்து, அளவெல்லாம் பார்க்காமல், கை போன போக்கில் ஒரு சிட்டிகையை எடுத்துக் கடாயில் போட்டார். முதலில் ஓரங்களில் கோடு போட்ட மாதிரி ஓடியது. பிறகு நடுவிலிருந்து கிளம்பி எல்லாத் துண்டிலும் ஏறியது. பந்தியில் பார்த்த நீலம். இரண்டு ஷேட் பச்சைப் பக்கம் போன, என் தூக்கத்தைக் கெடுத்த அதே நீலம். பின்னால் யாரோ ஒருவர், அய்யோ அதேதான்யா என்றார்.

எனக்கு அதற்குமேல் கை நிற்கவில்லை. பாதியை ஒரு சட்டியில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதியில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சாறு பட்ட இடமெல்லாம் நீலம் விட்டுக்கொடுத்து ரோஸ் நிறம் ஏறியது. பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். இன்னொரு அடுப்பில் பீன்ஸைப் பாதி சோடாவோடும் பாதி எலுமிச்சையோடும் வேகவைத்தேன். ஒன்று பசேலென்று வந்தது, ஒன்று காக்கி. பச்சைக்கு ஆகாதது ஊதாவுக்கு ஆகும், ஊதாவை மாற்றுவது பச்சையைக் காப்பாற்றும் என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கடாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாரியம்மன் கோவில் பெண் அக்காவிடம், அவ்ளோதானா ரகசியம், எங்க வீட்டு பீன்ஸுக்கும் போடறேன் என்று சொல்ல, சத்தெல்லாம் போயிடும், பண்டிகைக்கு மட்டும் போடு என்று அக்கா அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டதும்தான் எனக்கு நெஞ்சு இளகியது. அவர் பதவி எங்கேயும் போகவில்லை.

கமிட்டி அண்ணன் மட்டும் அசையவில்லை. ஓரமாக வைத்திருந்த நீலத்தில் கொஞ்சத்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். கூட்டம் மெல்ல அடங்கியது.

"எங்கப்பன இந்த ஊரு தூசிதான் இஸ்துகினு போச்சு," என்றார். "நான் பயந்தது தப்பாம்மா?"

"இல்ல அண்ணே," என்றேன். "நானும் பயந்துதான் தார்ப்பாய் போட்டேன்."

இத்தனை வாரம் அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மலையைப் பார்த்துப் பயந்து பயந்தே நாங்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். அவர் பயத்தை வாய்விட்டுச் சொன்னார், நான் தார்ப்பாய்க்கு அடியில் போட்டு மூடிவைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் ஒரு துண்டு நீலக் கோஸை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். மில்லில் கை பட்டாலே பதறி ஓடிப்போய்க் கழுவிய நிறம் அது. அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன் இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு ஐயர் பக்கம் திரும்பினார்.

"தோட்டத்த எடுக்கணும்னு எழுதினவன் நான். அத கிழிச்சுப் போடுங்க ஐயரே. வேலியப் புடுங்கி, கெணத்தடி வரைக்கும் தள்ளிப் போட சொல்லுங்க. இந்தம்மாக்கு இருக்கற எடம் பத்தாது."

நான் ஜெயித்தேன். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. சபையார், பக்கத்துச் சபையார், மாரியம்மன் கோவில் பெண்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் நடுவில் நான் கரண்டியை வைத்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து கையைத் தட்ட ஆரம்பித்தார், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

அண்ணன் தட்டவில்லை, அவர் கை காலியாக இல்லை. தட்டில் இருந்ததைத் தின்று முடித்துவிட்டு, தட்டை அக்கா பக்கம் நீட்டி, நீலத்தில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.